4 வயதுக் குழந்தைக்குப் படப்புத்தகம் வைத்து எதுகையும் நூலகமும் சொல்லித்தர முடியுமா?

கேட்டவர் கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். பெண்ணுக்கு 4 வயசு, எழுத்து இன்னும் தெரியாது, இந்த வயசில் இதெல்லாம் அதிகமில்லையா என்கிறார்.

அதிகமே இல்லைங்க. எதுகை காதுக்கான சங்கதி. அதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. சொல்லுக்குள் இருக்கும் ஓசையைப் பிரித்துக் கேட்கப் பழகிய குழந்தைக்குப் பிற்பாடு எழுத்துக் கூட்டுவதும் சுலபமாகும். பாப்பாவை இங்கிலீஷ் மீடியத்தில் எல்.கே.ஜி. சேர்த்தியிருப்பீங்க என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். நாலைந்து ரைம்ஸ் ஒப்பிக்கும். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே ஓசை ஒன்றுவது சொல்லின் கடைசியில். நம் பாட்டுக்கு வலு அடியின் தொடக்கத்தில் இருக்கிறது. அடிகளின் முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை.

புத்தகம் எடுக்கும்போதே இதைப் பாருங்க. இங்கிலீஷிலிருந்து வந்த படப்புத்தகங்கள் பலவற்றில் எல்லா அடியும் "வந்தது, போனது, நின்றது" என்று முடியும். தமிழில் வாக்கியம் பெரும்பாலும் வினையில் முடிவதால் இந்த ஒற்றுமை தானாக வந்துவிடும். நாள் முழுக்கக் கேட்கிற ஓசை என்பதால் குழந்தை அதைக் கவனிக்காது. பக்கத்துக்கு இரண்டு அடி, அடிக்கு மூன்று நான்கு சொல், எதுகை வருகிற சொல்லுக்குப் படத்தில் பளிச்சென்று உருவம். 16 பக்கம் தாராளம். கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசியுங்க, நாக்கு தடுக்கினால் வைத்துவிடுங்க. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் நிதானமாகப் புரட்டிப் பார்த்து எடுக்கலாம். காசு செலவில்லாமல் வேண்டுமென்றால், சிறுவர் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். அங்கே கதைகளை வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்திருப்பார்கள், முதல் நிலையிலேயே நில்லுங்க.

முதல் தடவை கேள்வியே கேட்காமல் முழுசாக வாசித்துவிடுங்க. ஒரு பக்கத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

சட்டி நிறையக் கம்பஞ்சோறு
குட்டிப் பாப்பா கேட்குது பாரு

அடுத்த நாள் "சட்டி"யை அழுத்திச் சொல்லி, இரண்டாம் அடிக்கு வந்ததும் படத்தில் இருக்கிற குழந்தைமேல் விரலை வைத்து நிறுத்துங்க. மனசுக்குள் 5 எண்ணுகிற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. பெரியவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான், இரண்டு எண்ணுவதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறார்கள். பாப்பா "சின்னப் பாப்பா" என்றால் பொருள் சரி, ஓசை வரவில்லை என்று அர்த்தம். "தப்பு" என்று சொல்ல வேண்டாம். "சட்டி... சின்ன... சட்டி... கு..." என்று முதல் ஓசையை மட்டும் எடுத்துக் கொடுங்க. "முட்டிப் பாப்பா" என்று அர்த்தமில்லாமல் சொன்னால் கொண்டாடுங்க, காது பிடித்துவிட்டது. சோறு, பாரு இரண்டிலும் றகரமும் ரகரமும் வேறாயிற்றே என்று இலக்கணம் கற்றவர்கள் கேட்பார்கள். வேறுதான். நான் இங்கே காட்டுவது சட்டி–குட்டியை.

பிறகு சீட்டு விளையாட்டு. பழைய காலண்டர் அட்டையை வெட்டி மாடு, வீடு, பூனை, பானை என்று 4 படம் வரையுங்க. ஒவ்வொன்றின் பேரையும் சத்தமாகச் சொல்லிவிட்டு, "ஒரே மாதிரி கேக்கறத ஜோடி சேத்து கண்ணு" என்று விட்டுவிடுங்க. நிறையக் குழந்தைகள் மாட்டையும் பூனையையும் ஒரு பக்கம் வைக்கும், இரண்டும் உயிருள்ளவை என்பதால். காது இன்னும் வேலை செய்யவில்லை, பொருளை வைத்துப் பிரிக்கிறது. ஆடு–மாடு ஜோடியோடு ஆரம்பிக்கக் கூடாது என்பது இதனால்தான். ஓசையும் ஒன்று, இனமும் ஒன்று. குழந்தை எதைக் கேட்டுச் சேர்த்தது என்று உங்களுக்கே தெரியாது. நான்கும் பழகியபின் கிளி, புளி, உளி சேருங்க. பட்டு–பாட்டு மாதிரி ஒன்று குறிலும் ஒன்று நெடிலுமாக வருவதைக் கொடுக்காதீங்க. இரண்டாம் எழுத்து ஒன்றினாலும், முதல் எழுத்தின் அளவு மாறினால் எதுகை நிற்காது.

மாட்டையும் பூனையையும் சேர்த்த குழந்தையிடம் "நூலகத்துல இப்படித்தான் அடுக்குவாங்க. இப்ப காதால கேட்டு அடுக்கலாமா?" என்று சொல்லிப் பாருங்க. நூலகப் பாடம் தொடங்குவது இந்த இடத்தில்தான். வீட்டிலிருக்கும் படப்புத்தகங்களை அது தன் போக்கில் பிரிக்கட்டும். விலங்குக்குப் பச்சை, வண்டிக்குச் சிவப்பு, பாட்டுக்கு மஞ்சள் என்று வண்ணத்தாள் ஒட்டுங்க. பின் அடித்த 16 பக்கப் புத்தகத்துக்கு முதுகே கிடையாது, அலமாரியில் செருகினால் காணாமல் போய்விடும். குழந்தையின் நெஞ்சு உயரத்தில் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் அட்டை தெரிய மாட்டுங்க. கடைசிப் பக்கத்தில் தேதிச் சீட்டு ஒட்டி, எடுக்கும்போதெல்லாம் ரப்பர் ஸ்டாம்பு குத்த விடுங்க. திருப்பித் தரவேண்டும் என்பது வாயால் சொல்வதைவிட இதில் நன்றாகப் பதியும்.

இது பழகின பிறகு நூலகத்துக்குக் கூட்டிப் போனால், புத்தக முதுகில் இருக்கும் எண்ணைக் காட்டி, நம் வண்ணத்தாள் மாதிரிதான் இதுவும் என்று சொல்லலாம். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி தசம முறையில் 590 விலங்குகள், 894.811 தமிழ் இலக்கியம். நம் ஈரோட்டுப் பக்கத்துக்காரர் பெரியசாமித் தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் 10 தொகுதியும் அங்கே இருந்தால் ஒன்றைப் பிரித்துப் படம் காட்டுங்க. இந்த மாதிரிப் புத்தகத்தை அங்கேயே உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும், வீட்டுக்குத் தர மாட்டார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். பார்த்த புத்தகத்தை அலமாரியில் திரும்பச் செருகாமல் மேசையிலேயே வைக்கப் பழக்குங்க. இடம் மாறிய புத்தகம் தேடுகிறவருக்குக் கிடைக்காது.

ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். ஆனாலும் பல ஊர்ப்புற நூலகங்களில் சிறுவர் புத்தகம் மேல் தட்டில் அல்லது பூட்டிய கண்ணாடி பீரோவில். கிழித்துவிடும் என்று பயம். 4 வயசுக் குழந்தை கை வைக்க முடியாத இடத்தில் இருக்கிற படப்புத்தகத்தால் யாருக்கு என்ன பிரயோசனம்? நூலகரைக் கோபித்துப் பயனில்லை, ஒற்றை ஆளாகச் சமாளிக்கிறவர்கள் அதிகம். 10 புத்தகத்தைக் கீழ்த்தட்டில் அட்டை தெரிய வைத்துத் தரச் சொல்லி நேரில் கேளுங்க, கிளம்பும்போது நானே எண்ணிச் சரிபார்த்துத் தருகிறேன் என்றும் சொல்லுங்க.

கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டிப் போங்க.