பல்கலைக்கழகங்களும் ஊர் மக்களும் சேர்ந்து இயங்கினால் சுகாதார ஏற்றத்தாழ்வு குறையுமா?

குறையும். ஆனால் ஆய்வுக்கான கேள்வியை எழுதும்போதே ஊரவரும் உடனிருந்தால்தான் குறையும் என்பது என் உறுதியான கருத்து. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக இருந்து கண்டதை வைத்தே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பல்கலைக்கழகத்து மாணவர்கள் நீரிழிவு பற்றிய வினாக்கொத்துடன் எங்கள் ஊருக்கு வந்தார்கள். மருந்தை ஒழுங்காக எடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு என் அம்மா "இல்லை" என்றார். அந்தப் பிள்ளைகள் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஏன் இல்லை என்று எழுத அந்தத் தாளில் இடமே இருக்கவில்லை. கிளினிக் நாளில் விடியவே பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, மருந்துடன் வீடு திரும்பும்போது ஒரு நாட்கூலி போய்விடும் என்பதும், அறுவடைக் காலத்தில் அந்தக் கூலியை இழக்க முடியாதவர்கள் கையிலிருக்கும் குளிசையைப் பாதியாக உடைத்து நாட்களை ஓட்டுவார்கள் என்பதும் எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயங்கள். இலங்கையில் அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. அங்கே போய்வரும் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஆய்வின் முடிவும் இன்றுவரை எங்களுக்குச் சொல்லப்படவில்லை. மனமுவந்து நேரம் கொடுத்தோம் என்பதால் அது எனக்கு இப்போதும் வலிக்கிறது.

பல்கலைக்கழகத்தினர் ஊருக்குள் நுழைய எனக்குத் தெரிந்த நல்ல வழி, வீடு வீடாகச் சென்று தாய் சேய் நலம் பார்க்கும் அரச மருத்துவிச்சியான குடும்ப நல உத்தியோகத்தர்தான். 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதார அலகு தொடங்கப்பட்ட காலத்திலிருந்து வளர்ந்துவந்த களச் சேவையின் கடைசிக் கண்ணி அவர். எந்த வீட்டில் யார் வாய் திறக்காமல் நோயைச் சுமக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

மருத்துவ மாணவர்கள் மட்டும் வந்தாலும் போதாது. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமும் தொடர்பாடலும் கற்பிக்கப்படுகின்றன. எங்கள் ஊர் முதியவர்களில் பலர் கிளினிக் மருந்தையும் நாட்டு மருந்தையும் சேர்த்தே எடுக்கிறார்கள். ஏச்சு விழும் என்ற பயத்தில் இரண்டு பக்கத்திலும் அதை மறைக்கிறார்கள். சித்த மருத்துவம் படிக்கும் ஒரு பிள்ளை திண்ணையில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். மருந்து உறையிலுள்ள குறிப்பை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அதைப் பேச்சுத் தமிழில் ஒலிப்பதிவு செய்து கொடுப்பது தொடர்பாடல் மாணவர்களுக்குப் பெரிய வேலையல்ல.

2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியது போன்ற நெருக்கடி வந்த பிறகு ஊருக்குள் வந்து அறிமுகம் செய்துகொள்ள நேரம் இருக்காது. ஆகவே இந்த உறவு ஒரு பருவத் தேர்வோடு முடியாமல், சாதாரண நாட்களிலும் தொடர வேண்டும். எங்களூர்ப் பெண்களைக் கள உதவியாளர்களாகச் சேர்ப்பதானால் அவர்களுக்கு உரிய கூலியை ஆய்வுப் பணத்திலேயே ஒதுக்க வேண்டும். முடிவுகளைப் பல்தேவைக் கட்டடத்தில் எல்லோர் முன்னிலையிலும் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். அந்த நாள் கிளினிக் நாளாகவோ அறுவடை நாளாகவோ அமையாதிருக்க, திகதியை எங்களிடம் கேட்டுக் குறியுங்கள்.