வாசகர் கேள்விகள்: வெள்ளைப் பூச்சும் சிவப்பு மூக்கும்

இந்த முறை வந்த கடிதங்களில் கோமாளி வேடம் பற்றியவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் சொல்பவர்கள் மேடை ஒப்பனையும் கோமாளி நடிப்பும் கற்றுத்தருபவர்கள்.

என் மூத்த பிள்ளைக்கு 22 வயது. திருநங்கை என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது, ஏற்றுக்கொண்டுவிட்டோம். இப்போது அறை முழுக்க ஜோக்கர் படம். கோமாளிப் பயிற்சிக்குப் போகிறேன் என்று வேறு நிற்கிறாள். அவளுடைய தோழிகளிலும் பாதிப்பேர் இப்படித்தான். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு தாய், கோவை

எல்லாத் திருநர்களுக்கும் ஜோக்கர் பிடிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஜோக்கரைக் கண்டாலே எரிச்சலாகிறவர்களும் உண்டு. பிடிக்கிறவர்களுக்கு ஏன் அவ்வளவு பிடிக்கிறது என்றால், காரணம் அந்த வேடத்திலேயே இருக்கிறது.

தெருவில் இறங்கும் திருநங்கைக்கு ஊரின் பார்வை ஒரு பரீட்சை. குரல், தாடை, விரல், நடை என்று எதில் மாட்டுவாள் என்று தேடுவார்கள். பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதற்குள் நாலு பேர் மார்க் போட்டிருப்பார்கள். கோமாளிக்கு அந்தப் பரீட்சையே கிடையாது. வெள்ளை முகத்தையும் தொளதொள சட்டையையும் பார்த்து ஆணா பெண்ணா என்று யாரும் மெனக்கெடுவதில்லை. ‘இது வேஷம்தான்’ என்று அவரே ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

கோமாளி மேடையில் ஆண் பெண் வேடம் மாறிக் குழம்புவது பழசுதான். பிரெஞ்சு மேடையின் வெள்ளைமுகப் பியெரோ ஆண் பாத்திரம். 1883-இல் பாரிஸில் அதை நடித்தவர் சாரா பெர்னார்ட் என்ற பெண். இங்கிலாந்தின் பாண்டமைம் நாடகங்களில் கிழவி வேடம் ஆணுக்கு, கதாநாயகன் வேடம் பெண்ணுக்கு என்பது நெடுநாள் வழக்கம். நம் காலத்தில், அமெரிக்காவின் வீரா ட்ரூ என்ற திருநங்கை இயக்குநர் பேட்மேன் கதைகளின் வில்லனான ஜோக்கர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தன் பாலின மாற்றத்தையே ‘தி பீப்பிள்ஸ் ஜோக்கர்’ என்று பகடிப் படமாக்கினார். 2022 டொராண்டோ விழாவில் ஒரே காட்சியோடு உரிமைச் சிக்கலில் மாட்டி, 2024-இல்தான் தியேட்டருக்கு வந்தது. உங்கள் மகளின் தோழிகளுக்கு அது தெரிந்திருக்கும்.

பயிற்சிக்குப் போகட்டும். சேரும் முன் ஒன்று மட்டும் விசாரியுங்கள். மாணவரை மேடையிலேயே மட்டம்தட்டித் திருத்துவது சில ஆசிரியர்களின் பாணி. ‘மாணவரின் உடம்பையும் குரலையும் கிண்டலுக்கு எடுப்பீர்களா?’ என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

சினிமாவில் திருநங்கையைக் காட்டினாலே சிரிப்புக்குத்தான். அதே வேலையைத் தாங்களே மூக்கை மாட்டிக்கொண்டு செய்வது கேவலம் இல்லையா?
- வாசகர், சேலம்

சினிமாவில் சிரிப்பு எப்போது வரவேண்டும் என்று முடிவு செய்பவர் வேறு ஆள். கோமாளியிடம் அந்தக் கடிவாளம் அவர் கையிலேயே இருக்கிறது.

பாரிஸில் 1956-இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெக்காக், 1960-களில் மாணவர்களை ஒவ்வொருவராக எழுப்பிச் சிரிக்க வைக்கச் சொன்னார். குட்டிக்கரணம் போட்டார்கள், ஜோக் சொன்னார்கள், ஒன்றும் எடுபடவில்லை. தோற்றுப்போய் முகம் தொங்க இடத்தில் போய் உட்காரும்போதுதான் கூட்டம் சிரித்தது. சிவப்பு மூக்குப் பயிற்சி அதிலிருந்து வளர்ந்தது.

இன்று அதைச் செய்யும் முறை இது. பார்வையாளருக்கு முதுகைக் காட்டி மூக்கை மாட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி நடுவில் வந்து நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் எதுவும் செய்யக் கூடாது, ஒவ்வொருவர் கண்ணாகப் பார்க்க வேண்டும். யாராவது சிரித்தால் எதற்குச் சிரித்தார் என்று பிடிக்க வேண்டும். தோளைக் குலுக்கியதற்கா? இன்னொரு தடவை குலுக்குங்கள். மூன்றாவது தடவை குலுக்கப் போவதுபோல் போய் நிறுத்துங்கள். பெரிய சிரிப்பு அங்கேதான் வரும். சிரிப்பு குத்தலாக இருந்தால் சிரித்தவரையே பார்த்து நில்லுங்கள். அறை முழுக்க அவர் பக்கம் திரும்பும். தெருவில் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே சிரிப்பை இங்கே இழுக்கவும் நிறுத்தவும் முடிகிறது.

கெட்டுப்போகும் இடமும் உண்டு. ‘நீ சிரிக்கும் முன்னால் நானே என்னைக் கேலி செய்துவிடுகிறேன்’ என்று மூக்கை மாட்டுபவர்கள். அது கேடயம், கோமாளித்தனம் ஆகாது. பத்து நிமிடத்தில் வறண்டுவிடும், வீட்டுக்குப் போனபின் வலிக்கவும் செய்யும்.

நான் திருநங்கை. வெள்ளை பூசினால் தாடை நீலம் பாய்ந்து தெரிகிறது. வியர்த்தால் வெடிக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, செங்கல்பட்டு

வெள்ளையை இன்னும் அப்புவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. வெடிப்பதற்குக் காரணமே அந்தக் கனம். நீலத்தை வெள்ளை மறைக்காது, ஆரஞ்சுதான் மறைக்கும்.

ஒரு மணி நேரம் முன்பே முடி போகும் திசையில் சவரம் செய்துவிடுங்கள். ஹார்மோன் எடுப்பவர் என்றால் தோல் முன்பைவிடக் காய்ந்திருக்கும். மாய்ஸ்சரைசர் தடவி கால் மணி நேரம் விடுங்கள். பிறகு ஆரஞ்சு நிறக் கரெக்டரை (தோலின் நிறத்தை மறைக்கும் கிரீம்) மிளகளவு எடுத்து, மேலுதடு, தாடை, மோவாயில் விரலால் தட்டுங்கள், தேய்க்காதீர்கள். அதன்மேல் பவுடர் போட்டு உறைய விட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் ஆரஞ்சு வெள்ளையோடு கலந்து முகம் ரோஸாகிவிடும்.

எண்ணெய்ப் பசையுள்ள மேடைப் பூச்சான வெள்ளை கிரீஸ் பெயின்ட் முழு முகத்துக்குக் கொண்டைக்கடலை அளவு போதும். உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, புள்ளி வைத்துப் பரப்பி, விரல் தடம் மறையும்வரை தட்டிக்கொண்டே இருங்கள். கண், வாய்க்கு நிறம் வரவேண்டிய இடத்தை இயர்பட்ஸால் துடைத்து எடுத்துவிடுங்கள். பழைய பருத்திச் சாக்ஸில் டால்கம் பவுடர் கொட்டி முடிச்சுப் போட்டு, மூச்சை அடக்கி, முகம் முழுக்க ஒற்றுங்கள். மூன்று நிமிடம் கழித்து மிருதுவான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தண்ணீர் ஸ்ப்ரே ஒரு தடவை. நிறங்கள் அதற்குப் பிறகு, கறுப்புக் கோடு கடைசியில். கோடு போடும் முன் கண்ணாடியில் புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். தோல் மடியும் இடத்தில் போட்ட கோடு அரை மணியில் இரண்டாகும்.

கூத்துக்காரர்கள் முத்துவெள்ளை என்ற வெள்ளைப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைப்பார்கள். உதிரியாக வாங்கினால் துத்தநாக ஆக்சைடுதானா என்று உறுதிசெய்யுங்கள். செந்தூரத்தை உதட்டில் தடவ வேண்டாம், ஈயமோ பாதரசமோ இருக்க வாய்ப்புண்டு. புதுப் பொருளை முழங்கை மடிப்பில் தடவி 24 மணி நேரம் பாருங்கள். லேசரில் முடி நீக்கியிருந்தால் குறைந்தது ஒரு நாள், சிவப்பு முழுதாகத் தணியும்வரை எதுவும் பூசக் கூடாது. கலைக்கத் தேங்காயெண்ணெய் போதும். தடவி இரண்டு நிமிடம் விட்டுத் துடையுங்கள்.

திருநம்பி நான். பைண்டர் (மார்பை இறுக்கித் தட்டையாகக் காட்டும் உள்ளாடை) போட்டுக்கொண்டு கோமாளி ஆட்டம் ஆடினால் மூச்சு வாங்குகிறது.
- வாசகர், திருநெல்வேலி

வாங்கத்தான் செய்யும். கடுமையாக ஆடும்போது பைண்டர் கூடாது, சாதாரண நாளிலேயே 8 மணி நேரத்துக்குமேல் வேண்டாம். கோமாளி உடையில் அதற்குத் தேவையும் இல்லை. இரண்டு சைஸ் பெரிய சட்டை, கழுத்தில் கொசுவம் வைத்த பட்டை, இடுப்பில் வளையம் தைத்துத் தொங்கவிட்ட கால்சட்டை போட்டால் உள்ளே எந்த உடம்பு என்றே தெரியாது. குரலும் தொந்தரவாக இருந்தால் பொருளில்லாத சத்தத்தில் பேசுங்கள், கோமாளிக்கு அது முழு மொழி.

நம் கூத்திலும் ஆண்கள் பெண் வேடம் கட்டுகிறார்களே, அதுவும் இதுதானா?
- வாசகி, காஞ்சிபுரம்

ஸ்திரீபார்ட் வேறு. திரௌபதி என்று சபை நம்பினால்தான் அந்த வேடம் நிற்கும். நீங்கள் பார்க்க வேண்டியது கூத்தின் கோமாளியான கட்டியக்காரனை. திரைக்குப் பின்னால் நிற்கும் ராஜாவையே ‘யாரப்பா நீ?’ என்று கேட்பான். ஒரே ராத்திரியில் சேவகனாவான், கிழவியாவான், விடியும்முன் வேறு யாராகவோ ஆவான். அவனை யாரும் நம்ப வேண்டியதில்லை. கோவைத் தாயின் மகள் தேடுவது இந்தச் சலுகையைத்தான் என்பது எங்கள் எண்ணம். ஸ்பெஷல் நாடகத்தில் சிரிக்கவைக்கும் பபூனும் இந்தச் சாதிதான்.

பள்ளி விழாவில் ஜோக்கராகப் போனேன். சின்னப் பிள்ளைகள் அலறுகிறார்கள்.
- வாசகர், தஞ்சாவூர்

வரைந்த சிரிப்பு அசையாது, உள்ளே என்ன முகம் என்று பிள்ளைக்குப் பிடிபடாது. பயம் அதனால்தான். நாலு வயதுக்குக் கீழே வெள்ளை முகமே வேண்டாம். சாதாரண முகத்தோடு போய் பத்தடி தள்ளித் தரையில் உட்காருங்கள். அவர்கள் பார்க்கும்போதே மூக்கை மாட்டுங்கள், கழற்றுங்கள், திரும்ப மாட்டுங்கள். கிட்டே போகாதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை மூக்கைப் பிடுங்க வரும், கொடுத்துவிடுங்கள். பையில் இன்னும் இரண்டு மூக்கு இருக்கட்டும்.