பட்டா நிலம் யானை வழித்தடமா? நிலத்த வித்துடாதீங்க, வேலியில கரண்டும் விடாதீங்க

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் 3 ஏக்கர் பட்டா நிலம், ராகி போடறோம். இது யானை வழித்தடம், கவர்மென்ட் எடுத்துக்கும், வந்த விலைக்கு வித்துடுங்கன்னு ஒரு புரோக்கர் சொல்றார். ராத்திரி யானையும் வருது. லைன்ல ஒயர் மாட்டி வேலிக்கு விடலாம்னு தம்பி சொல்றான். சரியா சார்?

பதில்: முதல்ல அந்த ஒயர மறந்துடுங்க. 2023 மார்ச்ல மாரண்டஹள்ளி பக்கம் இப்படித்தான் வேலியில கரண்ட் விட்டு 3 யானை செத்துச்சு, 2 குட்டி அனாதையா நின்னுச்சு, விவசாயி அரெஸ்ட் ஆனார். யானை வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல அதிக பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை விலங்கு, கொன்னதா நிரூபணமானா குறைஞ்சது 3 வருஷம், 7 வருஷம் வரைக்கும் போகும், கரண்ட் திருட்டு கேஸ் தனி. சோலார் வேலி போடலாம், ஆனா 2023ல வந்த விதிப்படி பதிவு பண்ணணும், காட்ட ஒட்டின நிலம்னா மாவட்ட வன அலுவலர்கிட்ட அனுமதியும் வாங்கிக்கங்க.

இப்ப புரோக்கர் கதை. பெங்களூர் பக்கத்து பன்னேருகட்டா காட்டுல இருந்து ஜவளகிரி வழியா அஞ்செட்டி, காவிரிக்கரை, அப்படியே சத்தியமங்கலம் வரைக்கும் யானைங்க போற பாதை ரொம்ப பழசு, அது அறுந்துடக் கூடாதுன்னுதான் 2014ல காவிரி வடக்கு, 2022ல காவிரி தெற்குன்னு சரணாலயம் அறிவிச்சாங்க. அதுக்காக யானை நடந்த நிலமெல்லாம் கவர்மென்ட் நிலம் ஆயிடாது. அரசியலமைப்பு 300ஏ இருக்கு, சட்டப்படி கையகப்படுத்தாம உங்க சொத்த யாரும் எடுக்க முடியாது. பட்டா நிலத்த புதுசா சரணாலயத்துல சேர்க்கணும்னாகூட கலெக்டர் அறிவிப்பு போட்டு உரிமை கோர 2 மாசம் டைம் தரணும், அத மட்டும் கோட்டை விட்டுடாதீங்க.

அதே சமயம் ரிசார்ட், லேஅவுட் கனவு வேணாம். நீலகிரி சீகூர்ல யானை வழித்தடம்னு அறிவிச்ச 2010 அரசாணைய எதிர்த்து ரிசார்ட்காரங்க கேஸ் போட்டாங்க, அரசாணை சரின்னு சுப்ரீம் கோர்ட் 2020ல சொல்லிடுச்சு, அங்ககூட நில உரிமையாளர் ஆட்சேபணைய கேக்க ஒரு கமிட்டி போட்டாங்க. நீங்க ராகி போடறவர், உங்க நிலைமை வேற.

சர்வே நம்பர் போட்டு வனத்துறைக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) அனுப்புங்க: இந்த நிலம் எந்த அறிவிப்புலயாவது வருதா, வந்தா நகல் குடுங்கன்னு. பதில் கைக்கு வர்ற வரைக்கும் அட்வான்ஸ்னு ஒரு ரூபா வாங்கிடாதீங்க. ராகி மிதிபட்டா உழுது விடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து, சிட்டா நகலோட ரேஞ்சர் ஆபீஸ்ல நஷ்டஈடு மனு குடுத்துடுங்க, ரசீது கேட்டு வாங்கிக்கங்க.