வாசகர் கேள்வி – பதில்: தோற்கவே முடியாத ஓர் இசை விளையாட்டு

கேள்வி: பழைய பொருள்கள் விற்கும் கடையில் நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேம் கருவி ஒன்றை வாங்கினேன், அதனுடன் ‘வீ மியூசிக்’ என்ற வட்டும் கிடைத்தது. அரை மணி நேரம் அதை வாசித்துப் பார்த்த என் ஒன்பது வயது மகள், “நான் ஜெயித்தேனா, தோற்றேனா என்றே தெரியவில்லையே அப்பா!” என்கிறாள். இது என்ன வகை விளையாட்டு?
– வாசகர், டொரன்டோ

பதில்: இந்த விளையாட்டு வெளிவந்தபோது பெரியவர்கள் பலர் கேட்ட கேள்வியைத்தான் உங்கள் மகளும் கேட்டிருக்கிறாள். கியோட்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட நின்டெண்டோ நிறுவனம் 2008ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும், நவம்பரில் ஐரோப்பாவிலும் இதை வெளியிட்டது. மாரியோவை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோதான் இதற்கும் முன்னின்றவர். அவரே கிட்டாரும் பாஞ்சோவும் வாசிக்கக்கூடியவர். 2006ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்த ஈ-3 வீடியோ கேம் கண்காட்சியில், அவர் வீ ரிமோட்டை இசைக்குழு நடத்துநரின் கோலைப் போலப் பிடித்துக்கொண்டு, திரையில் தோன்றிய வாத்தியக் குழுவை நடத்திக் காட்டினார். அன்று மேடையில் காட்டியதே இரண்டாண்டுகளுக்குப் பின் முழு விளையாட்டாக வளர்ந்தது.

கையில் இருப்பது ரிமோட்டும், அதனுடன் கம்பியால் இணைந்த, மறு கையில் பிடிக்கும் நன்ச்சக்கும் மட்டுமே. இரண்டையும் மாறி மாறித் தட்டுவதுபோல அசைத்தால் பியானோ ஒலிக்கும். ஒன்றை நிலையாகப் பிடித்து மற்றொன்றால் மீட்டுவதுபோல அசைத்தால் கிட்டார். வில்லிழுப்பதுபோல இழுத்தால் வயலின். எக்காளத்திற்கு ரிமோட்டை வாயருகே பிடித்துக்கொண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். இந்த நான்கு பிடிகளிலும், அவற்றின் சிறு மாற்றங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்ட வாத்தியங்கள் அடங்கிவிடுகின்றன. ஒவ்வொரு பாடலும் மெல்லிசை, இணையிசை, கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு), பேஸ் (அடித்தளமான தாழ்ந்த சுரங்கள்), இரண்டு தாளப் பகுதிகள் என ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அவற்றில் ஒன்றை உங்கள் மகள் எடுத்துக்கொள்ள, மற்றவற்றைத் திரையிலுள்ள குழுவினர் பார்த்துக்கொள்வார்கள். இந்தக் கூட்டு வாசிப்பில் மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் வேண்டுமென்றால் அதே வட்டில் உள்ள மூன்று சிறு விளையாட்டுகளுக்குப் போக வேண்டும். அவற்றைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: நான் பிள்ளைகளுக்கு வயலின் கற்றுத் தருகிறேன். விடுமுறைக்கு வெளிநாட்டு உறவினர் வீட்டுக்குச் சென்று வந்த என் மாணவன் ஒருவன், இந்த விளையாட்டில் தான் வயலின் வாசித்ததாகவும், ஒரு சுரம்கூடப் பிசகவில்லை என்றும் பெருமையாகச் சொல்கிறான். இது அவனுடைய பயிற்சிக்கு உதவுமா, அல்லது கெடுக்குமா?
– வாசகி, சென்னை

பதில்: அவனுக்குச் சுரம் பிசகாததற்குக் காரணம், சுரத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவனிடம் விடப்படவே இல்லை என்பதுதான். ஆங்கில மழலையர் வகுப்புகளில் எல்லாக் குழந்தைகளும் பாடும் ‘டுவிங்கிள் டுவிங்கிள்’ மெட்டு இந்த விளையாட்டிலும் இருப்பதால், அதையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் வரியை நம் முறையில் எழுதினால் ச ச ப ப த த ப என்று வரும். சுரங்கள் ஏழு, அட்சரங்கள், அதாவது தாளத் தட்டுகள், எட்டு; கடைசிப் பஞ்சமம் (ப) எட்டாவது அட்சரம் வரை நீள்கிறது. விளையாட்டில் மெல்லிசைப் பகுதியை எடுத்த குழந்தை, அட்சரத்துக்கு ஒருமுறை கையை அசைத்தால் போதும். அந்தந்த இடத்துக்குரிய சுரத்தைக் கருவியே ஒலிக்கச் செய்யும். நடுவில் ஆர்வமிகுதியால் இரண்டு முறை கூடுதலாக அசைத்துவிட்டாலும் அபசுரம் வராது. அந்த நேரத்துக் கார்டுக்குப் பொருந்தும் சுரங்களை அது இட்டு நிரப்பிவிடும். அசைக்காமல் நின்றால் மௌனம்.

ஆகவே, நீங்கள் மாதக்கணக்கில் போராடிக் கற்பிக்கும் எதுவும் அங்கே இல்லை. சட்ஜத்திலிருந்து (ச) பஞ்சமத்துக்கு விரல் எவ்வளவு தொலைவு போக வேண்டும், வில்லில் எவ்வளவு பளு தர வேண்டும், சுரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் ரிமோட்டில் இடமே கிடையாது. வில்லிழுக்கும் பாவனை மட்டும் இருக்கிறது. அந்தப் பாவனையை அப்படியே உண்மையான வயலினுக்குக் கொண்டுவந்தால் மணிக்கட்டு இறுகிப்போகும் என்பதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை.

ஆனால் அதே எட்டாவது அட்சரத்தைச் சற்றுக் கவனியுங்கள். முதல்முறை வாசிக்கும் குழந்தை அந்த இடத்தில் கையைச் சும்மா வைத்திருக்காது. இரண்டு, மூன்று சுரங்களைத் திணிக்கும். பத்தாவது முறை வாசிக்கும்போது அதே குழந்தை அங்கே நிற்கக் கற்றுக்கொண்டிருக்கும், ஏனெனில் அந்த இடைவெளியில் பக்கத்தில் நிற்கும் தங்கை தட்டும் தாளம் தெளிவாகக் கேட்கிறது. சில குழந்தைகள் அங்கே ஒரே ஒரு சுரத்தை மட்டும் அழகாக வைத்து, அடுத்த வரிக்கு எடுத்துக்கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். எங்கே வாசிப்பது, எங்கே விடுவது என்ற இந்தத் தீர்ப்பு மட்டும்தான் வாசிப்பவரிடம் விடப்பட்டிருக்கிறது. மற்ற சுமைகளெல்லாம் இறங்கிவிட்டதால் அது ஏழு வயதிலேயே கைக்கு எட்டுகிறது. பக்கவாத்தியமாக அமரும் வயலின் கலைஞர், பாடகர் விடும் இடத்தை அறிந்து நிரப்புவதற்கு எத்தனை ஆண்டுகள் பிடிக்கின்றன என்பதை நினைத்தால், இதைச் சிறிய ஆதாயமென்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

நான் சொன்ன மூன்று சிறு விளையாட்டுகளில் ஒன்று செவிப் பயிற்சி. ஒலிக்கும் சுரங்களில் எது உயர்ந்தது, எது பொருந்துவது என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும், படிப்படியாகக் கடினமாகும். இன்னொன்றில் ஆளுக்கு இரண்டு கைமணிகள். தமக்குரிய சுரம் வரும் கணத்தில் மட்டும் சரியான கையை அசைக்க வேண்டும். மூன்றாவது வாத்தியக் குழுவை நடத்துவது. உங்கள் மாணவனை முதலாவதை விளையாடச் சொல்லுங்கள். அங்கே பெறும் மதிப்பெண்ணுக்கு அவன் தாராளமாகப் பெருமைப்படலாம்.

கேள்வி: இதில் வீணை, மிருதங்கம் உண்டா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டும் இல்லை. சிதார் இருக்கிறது; ஜப்பானின் ஷாமிசென்னும் தைக்கோ முரசும் இருக்கின்றன. நாய் வேடமிட்டுக் குரைப்பதும், பூனை வேடமிட்டுக் கத்துவதும், கராத்தே வீரரின் உறுமலும்கூட வாத்தியப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதைப் பார்க்கும்போது, மிருதங்கத்துக்கும் ஒரு மூலையில் இடம் தந்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு.

கேள்வி: இவ்வளவு நல்ல நோக்கமிருந்தும் விமர்சகர்கள் பலர் இதை ஏன் ஏற்கவில்லை?
– வாசகி, சிங்கப்பூர்

பதில்: காலமும் ஒரு காரணம். 2005இல் ‘கிட்டார் ஹீரோ’வும் 2007இல் ‘ராக் பேண்ட்’டும் வந்து, திரையில் இறங்கிவரும் வண்ணக் குறிகளைத் தவறாமல் அடிப்பதே இசை விளையாட்டு என்று பழக்கியிருந்தன. அங்கே பிழை செய்தால் கூட்டம் கூச்சலிடும். சரியாக அடித்தால் புள்ளிகள் குவியும். அந்தப் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு, எப்படி ஆட்டினாலும் ஏதோ ஓர் இசை வருவது ஏமாற்றமாக இருந்தது.

அவர்களுடைய குறைகளில் இரண்டை நானும் ஒப்புக்கொள்கிறேன். முதலாவது, ஒலியின் தரம். அங்குள்ள பாடல்கள் மூலக் கலைஞர்களின் ஒலிப்பதிவுகள் அல்ல. மலிவான கீபோர்டிலிருந்து வருவது போன்ற செயற்கை ஒலியிலேயே எல்லாம் கேட்கின்றன. நாதமே மூலதனமான ஒரு விளையாட்டில் இது பெருங்குறை. இரண்டாவது, பாடல்கள் ஏறத்தாழ ஐம்பதுதான். அவற்றிலும் கணிசமான பகுதி காப்புரிமை காலாவதியான நாட்டுப்பாடல்களும் செவ்வியல் மெட்டுகளும். குழந்தைகளுக்கு அது போதும். பதினைந்து வயதுப் பிள்ளை இரண்டே நாளில் சலித்துக்கொண்டால் அவனைக் குறை சொல்ல முடியாது.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு வயதுப் பேரனிலிருந்து எழுபது வயதான என் கணவர் வரை இருக்கிறோம். எல்லாரும் சேர்ந்து வாசிக்க எப்படித் தொடங்கலாம்?
– வாசகி, லண்டன்

பதில்: ஒரே நேரத்தில் நால்வர் வாசிக்கலாம். தெரிந்த மெட்டு ஒன்றை எடுத்து, வேகத்தைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். தங்கள் கணவருக்கு மெல்லிசைப் பகுதியைத் தராதீர்கள், அம்மா. பேஸ் பகுதியைக் கொடுத்து, நாற்காலியில் அமர்ந்தபடி அட்சரத்துக்கு ஒருமுறை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகிய கைக்கு அது உடனே வரும். முழுப் பாடலும் அவர் மீதுதான் நிற்கிறது என்பது இரண்டாவது முறை வாசிக்கும்போது அவருக்கே புரிந்துவிடும். பேரனுக்கு மெல்லிசை. எஞ்சிய இருவரும் கார்டையும் தாளத்தையும் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு அதே பாடலை ஜாஸ், ரெக்கே, அணிவகுப்பு இசை என வேறு வேறு நடைகளுக்கு மாற்றி வாசித்துப் பாருங்கள். வாத்தியங்களைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்குவாதம் வரும். வரட்டும், விளையாட்டின் பாதிச் சுவை அங்கேதான் இருக்கிறது. வாசித்ததைக் காணொளியாகச் சேமித்து, அதற்கு அட்டைப் படமும் அமைத்து வைத்துக்கொள்ள முடியும். ஆனால் அதை வேறொருவரின் வீ கருவிக்கு அனுப்பும் வசதி 2013ஆம் ஆண்டு ஜூனில் நிறுத்தப்பட்டுவிட்டது.

கேள்வி: இன்று இதை வாங்குவதென்றால் எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: வீ கருவியும் வட்டும் ஒரே மண்டலத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், அமெரிக்காவில் விற்ற வட்டு ஐரோப்பியக் கருவியில் ஓடாது. 2012இல் வந்த வீ யூ கருவியிலும் இது இயங்கும். ஸ்விட்ச் கருவியில் இயங்காது. ஒருவருக்கு ஒரு ரிமோட், ஒரு நன்ச்சக் என்று கணக்கிட்டு வாங்குங்கள். முழு டிரம் செட்டைக் காலாலும் வாசிக்க விரும்பினால் காலடியில் வைக்கும் பேலன்ஸ் போர்டு என்ற பலகை தேவைப்படும். மணிக்கட்டுப் பட்டையைக் கட்டாமல் குழந்தைகள் கையில் ரிமோட்டைக் கொடுக்க வேண்டாம். இன்றைய பெரிய தொலைக்காட்சிகள் பலவற்றில், கை அசைந்ததற்குச் சற்றுப் பிந்தியே ஒலி வந்து தாளத்தைக் குலைக்கும். அமைப்புகளுக்குள் சென்று ‘கேம் மோடு’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தாமதம் பெருமளவு குறைந்துவிடும்.