‘செவன் நேஷன் ஆர்மி’ மைதானத்துக்கு வந்த வழி: கேள்வி பதில்

கேள்வி: சார், கால்பந்து மேட்ச்சில் “போ போபோபோபோ போ போ” என்று கூட்டமே பாடுகிறதே, அது என்ன பாட்டு?

பதில்: ‘செவன் நேஷன் ஆர்மி’. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ‘தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்’ குழுவின் பாட்டு. 2003-இல் ‘எலிஃபன்ட்’ ஆல்பத்தில் வந்தது. குழுவில் இரண்டே பேர்: கிதாரும் குரலும் ஜாக் ஒயிட், டிரம்ஸ் மெக் ஒயிட். ‘சால்வேஷன் ஆர்மி’ என்ற பெயர் ஜாக்கின் சின்ன வயதுக் காதில் ‘செவன் நேஷன் ஆர்மி’ என்று விழுந்தது. தலைப்பு அதிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: பாட்டின் தொடக்கத்தில் கனமாக ஒலிக்கும் அந்த பேஸ் கிதார் வாசித்தது யார்?

பதில்: பேஸ் கிதாரே கிடையாது. உள்ளே கூடான, ‘கே’ கம்பெனியின் பழைய கிதார் ஒன்றை, காலால் மிதித்து ஒலியை மாற்றும் ‘வாமி’ என்ற பெடல் வழியாக ஒரு ஸ்தாயி கீழே இறக்கி வாசித்திருக்கிறார் ஜாக். மெட்டின் அந்த ஏழு ஸ்வரத்தை அவர் முதலில் வாசித்தது மெல்பர்னின் கார்னர் ஹோட்டலில், 2002 ஜனவரியில், கச்சேரிக்கு முன் ஒலி சரிபார்த்த நேரத்தில். பிறகு லண்டனின் ‘டோ ராக்’ ஸ்டூடியோவில் 8 டிராக் நாடாவில் பதிவு செய்தார்கள்.

கேள்வி: மைதானத்துக்குள் எப்படி நுழைந்தது? இத்தாலிக்காரர்கள்தான் ஆரம்பித்தார்கள் என்கிறார்களே?

பதில்: ஆரம்பித்தது பெல்ஜியத்தின் கிளப் ப்ரூஹ ரசிகர்கள். 2003 அக்டோபர் 22, ஐரோப்பிய கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் போட்டி, மிலானில் ஏ.சி. மிலானுக்கு எதிரான ஆட்டம். ஆட்டத்துக்கு முன் நகரத்து மதுக்கடை ஒன்றில் இந்தப் பாட்டு ஓட, கேட்டவர்கள் கூடவே கத்த ஆரம்பித்தார்கள். அன்று இரவு பெரு நாட்டு வீரர் ஆண்ட்ரெஸ் மென்டோசா கோல் போட்டு, அப்போதைய ஐரோப்பிய சாம்பியனை அதன் சொந்த மண்ணில் 1-0 என்று சாய்த்தார். அப்படி ஒரு வெற்றியோடு ஒட்டிக்கொண்ட மெட்டை எந்த ரசிகன் விடுவான்? ஊர் திரும்பியும் பாடினார்கள். பிறகு கிளப்பே கோல் விழும்போது அதைப் போட ஆரம்பித்தது.

இத்தாலிக்குப் போனது 2006 பிப்ரவரியில். இன்னொரு ஐரோப்பிய கிளப் போட்டியான யுஎஃபா கோப்பையில் இத்தாலியின் ரோமா அணி ப்ரூஹ நகருக்கு வந்து 2-1 என ஜெயித்தது. எதிரணியின் மெட்டை ரோமா ரசிகர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதுவரை இந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை, அங்கே கேட்ட பிறகு தலையை விட்டுப் போகவில்லை என்று ரோமா வீரர் டோட்டி சொல்லியிருக்கிறார். அந்த ஜூலையில் பெர்லினில் பிரான்ஸை பெனால்டியில் 5-3 என வென்று இத்தாலி உலகக் கோப்பையைத் தூக்கியபோது, நாடு முழுக்க இதே “போ போபோபோ”தான். 2018 ரஷ்ய உலகக் கோப்பையில் வீரர்கள் உள்ளே வரும்போது ஒலித்ததும் இதுதான்.

கேள்வி: கர்நாடக சங்கீதம் கற்றவள் நான். ஸ்வரம் எழுதித் தர முடியுமா?

பதில்: ஸ ஸ க ஸ நி த ப. நி, த, ப மூன்றும் மந்தர ஸ்தாயி, அதாவது கீழ் ஸ்தாயி. சாதாரண காந்தாரம், கைசிகி நிஷாதம், சுத்த தைவதம். நடபைரவி ராகத்துக்குள் அடங்கும் ஸ்வரங்கள். ராகம் என்று சொல்ல இது போதாது, கமகமும் வேண்டாம். எட்டு அடியில் (அடி என்றால் ஒரு தாளத் தட்டு) கணக்கு இப்படி: முதல் ஸ ஒன்றரை அடி, அடுத்த ஸ அரை அடி, க-ஸ-நி மூன்றும் சேர்ந்து இரண்டு அடி, த இரண்டு, ப இரண்டு.

கூட்டம் ஏன் இதைப் பிடித்துக்கொண்டது என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பஞ்சமத்திலிருந்து காந்தாரம் வரை எட்டு அரைஸ்வர தூரம்தான். பாடத் தெரியாதவர் தொண்டைக்கும் எட்டும். கடைசி இரண்டு ஸ்வரமும் நீளம் என்பதால், தாமதமாகச் சேர்ந்தவரும் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவார். வார்த்தை இல்லாததால் மொழியும் தேவையில்லை. பாட்டிலும் பல்லவி என்று பாடும் வரி கிடையாது. அந்த இடத்தில் கிதார் இதே ஏழு ஸ்வரத்தைத்தான் முழங்குகிறது.

கேள்வி: கிதாரில் எந்த ஃப்ரெட் அண்ணா?

பதில்: சாதாரண டியூனிங்கில் ஏ கம்பியிலேயே முழுவதும் வரும். கிதார் கழுத்தில் உள்ள ஃப்ரெட் கட்டங்களின் எண்கள்: 7, 7, 10, 7, 5, 3, 2. பேஸ் கிதாரிலும் அதே எண்கள். ஜாக் வாசிப்பது ஓப்பன் ஏ டியூனிங்கில், அதாவது கம்பிகளை அழுத்தாமல் மீட்டினாலே ஏ மேஜர் கார்ட் ஒலிக்கும்படி சுருதி சேர்த்து.

கேள்வி: எங்கள் கல்லூரி கால்பந்து ஆட்டத்தில் 300 பேர் சேர்ந்து பாடப் பார்த்தோம். ஒரு நிமிடத்தில் குழம்பிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது சுருதி. பதிவில் இருப்பது 3 கட்டை. அதில் கத்தினால் கீழ்ப் பஞ்சமம் பல ஆண்களுக்குத் தொண்டையிலேயே நின்றுவிடும், முடிவு அமுங்கிப்போகும். 5 அல்லது 6 கட்டையில் எடுங்கள்.

இரண்டாவது வேகம். பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 124 அடி. கூட்டம் எப்போதும் வேகத்தைக் கூட்டிவிடும். க-ஸ-நி வரும்போதுதான் எல்லாரும் அவசரப்படுவார்கள். 110-இல் தொடங்கினால் தானே ஏறி சரியான இடத்துக்கு வரும்.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை: தூரம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இந்தக் கோடி கேலரியிலிருந்து அந்தக் கோடிக்கு 150 மீட்டர் என்றால் 0.44 நொடி தாமதம். 124 வேகத்தில் ஓர் அடியே 0.48 நொடிதான்! எதிர்ப்பக்கம் இருப்பவர் காதை நம்பிப் பாடினால் கிட்டத்தட்ட ஓர் அடி பிந்திவிடுவார். அதனால் ஒரே கேலரியில் நெருக்கமாக உட்காருங்கள். பெரிய டிரம் ஒன்றை முன்வரிசையில் வையுங்கள். அடிப்பவர் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கி, ஒவ்வொரு அடிக்கும் ஒன்றாக, அலங்காரம் இல்லாமல் அடிக்கட்டும். பின்வரிசைக்காரர்கள் பார்க்க வேண்டியது அந்தக் குச்சியை. குழம்பினால் விரட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள். பாட்டை நிறுத்தி, டிரம் மட்டும் எட்டு அடி போகட்டும், பிறகு முதல் ஸ-விலிருந்து எடுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக் கூடவே பாடலாமா?

பதில்: தொடக்கம் மட்டும் போடுங்கள். கூட்டம் இரண்டு சுற்று பிடித்ததும் மெல்லக் குறைத்து நிறுத்திவிடுங்கள். ஜாக் பாட ஆரம்பிக்கும் இடத்துக்குள் போனால் கூட்டம் அடங்கிவிடும். அந்த வரிகள் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.