முதலில் பெருவிரல்

கேள்வி: வயது 20. மல்லாவியில் இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்த மாமா கம்பித் தந்தி போட்ட கிற்றார் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். சொல்லித்தர ஆளில்லை. போனில் பார்த்து ஒரு மாதமாக, விரல்களால் தந்தி மீட்டும் ட்ராவிஸ் பிக்கிங் பழகுகிறேன். பெருவிரலோடு மற்ற விரல்களைச் சேர்த்தால் எல்லாம் குழம்புகிறது. இடது கை விரல் நுனிகளும் எரிகின்றன. நைலோன் தந்தி போட்ட கிற்றார் வாங்கினால் சரிவருமா?

பதில்: தம்பி, அதற்குக் காசு சேர்க்க வேண்டாம். கிற்றாரில் பிழையில்லை, தொடங்கிய இடம்தான் பிழை.

ட்ராவிஸ் பிக்கிங் என்ற பெயர் அமெரிக்காவின் கென்டக்கிக்காரரான மெர்ல் ட்ராவிஸிடமிருந்து வந்தது. அவர் பெரும்பாலும் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வைத்தே வாசித்தார். கேட்டால் இரண்டு பேர் வாசிப்பதுபோல் இருக்கும். மெட்டு எங்கே போனாலும் பெருவிரல் தன்பாட்டில் போய்க்கொண்டிருக்கும். வரம்போரம் நிறுத்திவைத்த லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், ஆட்கள் என்ன கதைத்தாலும் டுக்டுக்கென்று ஒரே சீராக நிற்குமே, அப்படி. உங்கள் பெருவிரல் இன்னும் மற்ற விரல்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஒரு கிழமைக்கு இடது கையால் ஏ மைனர் கோர்ட்டை (தந்திகளைச் சேர்த்து அழுத்தும் ஒரு பிடி) மட்டும் பிடியுங்கள். பெருவிரலால் ஐந்தாம் தந்தி, நான்காம் தந்தி, திரும்ப ஐந்து, நான்கு. அவ்வளவுதான். (தடித்த தந்திதான் ஆறாவது. பலர் தலைகீழாக எண்ணிவிடுகிறார்கள்.) அம்மா சாப்பிடக் கூப்பிட, நீங்கள் பதில் சொல்லும்போது தாளம் நின்றால் இன்னும் இரண்டு நாள் அதையே வாசியுங்கள்.

அப்புறம் பெருவிரல் ஐந்தில், சுட்டுவிரல் மூன்றில், நடுவிரல் இரண்டில், மோதிரவிரல் ஒன்றில். வாயால் ‘தகதிமி’ சொல்லுங்கள், எழுத்துக்கு ஒரு விரல். கோயில் திருவிழாவில் மிருதங்கம் கேட்டு வளர்ந்த காதுக்கு ‘ஒன் அன்ட் டூ அன்ட்’ என்று எண்ணுவதைவிட இது கெதியாகப் பிடிபடும். மோதிரவிரலுக்குப் பிறகு நடுவிரல், சுட்டுவிரல் என்று திரும்பி வந்தால் ‘தகிட தகிட’. இது ஓடத் தொடங்கிய பிறகு பழைய ஐந்து, நான்குக்குத் திரும்பி, பெருவிரலின் இரண்டு அடிகளுக்கு நடுவே நடுவிரலால் ஒரேயொரு தட்டுத் தட்டுங்கள். ட்ராவிஸ் அங்கேதான் தொடங்குகிறார்.

எரிவு எல்லோருக்கும் வருவதுதான். தோல் தடிக்கச் சில கிழமைகள் பிடிக்கும். ஒரேயடியாக இரண்டு மணித்தியாலம் இருக்காமல் காலையில் 15 நிமிடம், பின்னேரம் 15 நிமிடம் போதும். டவுனுக்குப் போகும்போது ‘எக்ஸ்ட்ரா லைட்’ என்ற மெல்லிய தந்தி, அதாவது 10 நம்பர், வாங்கி மாற்றுங்கள். 12ஆம் பிரெட்டில் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பி) ஆறாம் தந்தி அந்தக் கம்பிக்கு மேலே 3 மில்லிமீற்றருக்கு மேல் உயர்ந்து நின்றால், விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து உயரத்தைக் குறைக்க வேண்டும். அந்த உயரத்தில் யார் அழுத்தினாலும் நோகும்.

கிற்றாரைத் தகரக் கூரைக்குக் கிட்டத் தொங்கவிட வேண்டாம், நிலத்திலும் வைக்க வேண்டாம். மேலே வைத்தால் வெயில் சூட்டில் பசை இளகும், கீழே வைத்தால் கறையான்.