புல்தரை ஓரம், பாத்தி எல்லை: கேள்வி – பதில்

கேள்வி: வீட்டு முன்புறம் அருகம்புல் லான். அதை ஒட்டி 20 அடி நீளத்துக்கு இட்லிப்பூப் பாத்தி. செங்கல்லைச் சாய்த்து, பல் பல்லாக நட்டு எல்லை கட்டினோம். ஒரே மழைக்காலத்தில் புல் செடித் தூர் வரை வந்துவிட்டதே?
– வாசகி, திருச்சி

பதில்: சாய்த்து நட்ட கல் பார்க்க அழகு, அருகுக்கு அது தடையே இல்லை. அருகு மேலே கொடியாக ஓடும், அடியில் வெள்ளைத் தண்டாகவும் ஓடும். கணுவுக்குக் கணு வேர் விடும். உங்கள் கற்களுக்கு நடுவே இருப்பது வெறும் மண். போதாததற்கு, முக்கோண இடுக்குகளுக்குள் புல்வெட்டி மெஷின் எட்டாது. புல் அங்கேதான் செழிக்கும்.

முதலில் பாத்தியிலுள்ள அருகை முள் மண்வெட்டியால் நெம்பி, தண்டோடு உருவுங்கள். சாதா மண்வெட்டியால் கொத்தினால் துண்டான ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகும். உருவியதை உரக்குழியில் போடாமல் வெயிலில் சருகாகக் காயவிடுங்கள். கிளைபோசேட் போன்ற களைக்கொல்லி இங்கே வேண்டவே வேண்டாம். தண்டு வழியாக லானுக்கும் போய்ச் சேரும். தெறித்தால் இட்லிப்பூவும் கருகும்.

பிறகு நூல் கட்டி 10 அங்குல ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, அடியில் 2 அங்குலம் மணல் போட்டுத் திமிசு கட்டையால் இடியுங்கள். 9 அங்குலச் செங்கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, நெட்டாக நிறுத்துங்கள். நாலரை அங்குல முகம் லானைப் பார்க்கட்டும். அரை அங்குல இணைப்பும் சேர்த்தால் 20 அடிக்கு 48 கல். உடைசலுக்குச் சேர்த்து 52 வாங்குங்கள். ஒரு பங்கு சிமென்ட், ஐந்து பங்கு மணல் கலவையால் இணைப்புகளை அடிவரை நிரப்ப வேண்டும். கொத்தனார்கள் மேலே மட்டும் பூசிவிட்டுப் போவார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள், காரியமே அதில்தான் இருக்கிறது. ஏழு நாள் தண்ணீர் விடுங்கள்.

கல்லின் தலை லான் மண்ணைவிட 1 அங்குலம் மட்டும் உயர்ந்திருக்கட்டும். மெஷினின் ஒரு சக்கரம் அதன்மேல் ஓடும், ஓரப்புல்லும் சேர்ந்து வெட்டுப்படும். தலைக்கு மேல் தாண்டும் கொடியை எந்த எல்லையும் நிறுத்தாது. மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கத்தரித்தே ஆகவேண்டும். பாத்தி மண்ணும் கல் தலைக்கு 1 அங்குலம் கீழேயே இருக்கட்டும். நிரம்ப எரு கொட்டினால் மழையில் லானுக்கு வழியும்.

கேள்வி: கொரியன் புல், செம்மண், வளைவான பாத்தி. செலவில்லாமல் எல்லை வைக்க முடியுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: முடியும். கொரியன் புல் மெதுவாகப் படர்வதால் வெறும் வெட்டுப்பள்ளமே போதும். தண்ணீர்க் குழாயை வளைவாகக் கிடத்தி, ஒட்டினாற்போல் சுண்ணாம்புத் தூள் தூவுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது, லான் பக்கம் 4 அங்குலம் செங்குத்தாகவும், பாத்தி பக்கம் சரிவாகவும் வெட்டுங்கள். வெட்டிய மண்ணைப் பாத்திப் பக்கமே தள்ளுங்கள். மழை முடிந்ததும் பள்ளம் தூர்ந்திருக்கும். அப்போது ஒருமுறை, கோடைமழைக்குப் பின் ஒருமுறை திருத்துங்கள். திருத்தும்போதெல்லாம் லானைச் சீவிச் சீவிப் பாத்தியை அகலமாக்கிவிடாதீர்கள். பழைய விளிம்பிலேயே மண்வெட்டி இறங்கட்டும்.